முடியும் கூடையும்

உருவ ஓவியத்தில் முகமே பொருள். ஏனையவை அலங்காரம் என்று கூறுவோர் உளர். கண்ணும் மூக்கும் அச்சொட்டாக அமைந்துவிட்டால் ஓவியன் வென்றுவிட்டான் என்பது அவர்தம் முடிபு. தலையில் உள்ள முடியும் கையில் உள்ள வாளும் எவ்வாறு அங்கு வந்தன என அவர்கள் வினவுவதில்லை. கண்டி நாட்டில் வாழ்ந்துகொண்டு இவ்வாறு கூறுவது வியப்புக்குரியது.

கண்டிக்கு அண்மையில் உள்ள தெகல்தொறுவைக் குகை விகாரையின் சுவரோவியங்களை ஒருமுறை கண்டோர் இதனை உணர்வர். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியங்களில் அரசனுக்கும் அமைச்சனுக்கும் முகம் ஏறத்தாழ ஒன்றே. வெசந்தரனை அரசிளங்குமரனாகக் காட்டுவது முகமன்று, அணிகலன்கள்; அவற்றைத் துறந்து காடேகியபின் துறவியாகக் காட்டுவது அவன் கோலம். ஆளை ஆக்குவது பொருளே என்பதை அவ்வோவியர் ஐயமின்றி அறிந்திருந்தனர்.

அவர்களினும் நன்றாக அறிந்திருந்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட இவன் தென்னிந்திய நாயக்கர் குலத்தவன். முன்னிருந்த அரசனின் பட்டத்தரசிக்கு உடன்பிறந்தவன் என்ற உறவினால் அரியணை ஏறியவன். 1753 இல் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து உபசம்பதையை மீளத் தாபித்தவனும் இவனே. ஆயினும் 1760 இல் பிரதானிகளும் பிக்குகளிற் சிலரும் இவனைக் கொன்று சீய இளவரசன் ஒருவனை முடிசூட்டச் சதி செய்தனர். அரசன் திருநீறு பூசும் வழக்கத்தைக் கைவிடவில்லை என்பது இவன்மீது சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்று என, அக்கால நிகழ்வுகளைக் கூறும் சிங்கள நூல் சுட்டுகின்றது. ஒரு சிட்டிகைச் சாம்பல் ஓர் அரசனின் உயிருக்கே விலையாகவிருந்தது.

இனித் தம்புள்ளைக்குச் செல்வோம். இவ்வரசன் அமைப்பித்த மூன்றாம் குகையில், புத்தர் சிலைகளின் நடுவே, வண்ணந்தீட்டப்பெற்ற இவனது சிலை நிற்கின்றது. பின்னுள்ள சுவரில் இவன் பரிவாரத்தார் ஓவியமாக நிற்கின்றனர். முடியுண்டு, ஆபரணங்களுண்டு, அரசவுடையுண்டு. நெற்றியில் நீறு இல்லை. இதனை வெறும் அலங்காரம் என்பவர் அரசியலையும் அறியார், கலையையும் அறியார். ஓர் அந்நிய குலத்தவன் எப்பொருள்களைச் சூடினால் இம்மண்ணின் மன்னனாவான், எப்பொருளை மறைத்தால் மன்னனாக நீடிப்பான் என்ற கணக்கு அச்சிலையில் உள்ளது.

ஆகவேதான், அவன் தமிழனா சிங்களவனா என்று அச்சிலையின் முன்னின்று வாதிடுவோர் இருசாராரும் ஏமாறுகின்றனர். ஒருசாரார் முடியைக் கண்டு அவனைத் தமக்குரியவன் என்பர். மறுசாரார் இல்லாத நீற்றை மனத்தால் பூசிப் பார்த்து மகிழ்வர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அக்குலத்தார் இவ்விவாதத்தைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பர். உருவச்சிலை பிறப்புச் சான்றிதழன்று. அது ஒரு விண்ணப்பம்.

அரச சின்னங்களின் தூய்மை பற்றிப் பேசுவோர் கண்டி அரியணையின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். சிங்க உருவங்கள் தாங்கிய அவ்வாசனம் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு 1693 அளவில் வழங்கிய பரிசு என்பது வரலாறு. 1815 இன் பின் ஆங்கிலேயர் அதனைக் கொண்டு சென்றனர். 1934 இல் அது முடியுடன் இலங்கைக்கு மீண்டது. இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனோ வேலூர்ச் சிறையிருப்பிலேயே 1832 இல் மறைந்தான். பொருளுக்கிருந்த மதிப்பு ஆளுக்கிருக்கவில்லை.

எனினும் அரசருக்கு ஒரு வாய்ப்பிருந்தது. தம் பொருள்களைத் தாமே தெரிந்துகொண்டனர். அவ்வாய்ப்பு அறவே இல்லாத ஒருத்தியின் உருவமும் இன்று கண்டி நகரில் உல்லாசப் பயணிகளுக்கான கடைதோறும் தொங்குகின்றது. முதுகிற் கூடை, மூக்கிற் மூக்குத்தி, முகத்திற் சிரிப்பு. 1867 இல் கண்டிச் சீமையின் லூல்கந்துறையில் தேயிலைச் செய்கை தொடங்கியதிலிருந்து அக்கூடையின் பாரத்தைச் சுமந்தவர்களின் வழித்தோன்றல் அவள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவள் குலத்தாரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு அவ்வவலம் தீர 2003 இல் மற்றொரு சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அக்காலம் முழுவதும் கூடையேந்திய அவள் உருவம் இந்நாட்டின் அடையாளமாக உலகெங்கும் விற்கப்பட்டது. உருவத்துக்கு நாடிருந்தது.

ஓவியர் எதனை விட்டுவிடுகின்றனர் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. இடுப்பிற் சுற்றிய படங்கு இல்லை. காலில் அட்டைக் கடியின் குருதி இல்லை. பல தோட்டங்களில் கூடையின் இடத்தைப் பை பிடித்துவிட்டபின்னும் ஓவியத்திற் கூடை மாறவில்லை. வாங்குவோன் கூடையையே கேட்கிறானாம். தம்புள்ளையில் நீற்றை மறைத்தது ஆள்பவனின் தேவை. இங்கு படங்கை மறைப்பது வாங்குபவனின் தேவை. அவளது தேவை எதுவென எவரும் கேட்டதில்லை.

இவ்வோவியங்களை எளிமையின் எழில், உழைப்பின் கவிதை எனப் போற்றும் இரசிகர் நம் நாட்டில் அருகியவரல்லர். பெரட்டுக்களத்திற்கூட அவளுக்கு ஒரு பெயருண்டு. செக்ரோலில் அது எழுதப்பட்டிருக்கும். தம்புள்ளைக் குகையில் நிற்பவன் யார் என்று வழிகாட்டியைக் கேட்டால் பெயரும் ஆட்சியாண்டும் தடையின்றி வரும். கண்டிக் கடையில் அதே வினாவைக் கேட்டால், கொழுந்து பறிக்கிறவள் என்று மட்டுமே விடை கிடைக்கும்.