ரெண்டு பேரா ஊர் சுற்றினா ஊதாரித்தனமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நானும் என் மனைவியும் ஒன்பது நாள் சிங்கப்பூர், பாங்காக், சைகோன், பினாங்கு என்று போயிட்டு வந்தோம். படங்களைப் பார்த்த நம்ம கோயில் அன்பர் ஒருத்தர், "இந்தக் காசுக்குக் காசிக்கே போயிருக்கலாமே? இல்லன்னா திருப்பணிக்குக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டார். நல்ல மனசோடதான் கேட்டார். ஆனா இந்த எண்ணம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கு. பஸ் பிடிச்சு நாற்பது பேரா கோயில் கோயிலா இறங்கினா யாத்திரை, புண்ணியம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா போய் ஊரைப் பார்த்து, நல்லா சாப்பிட்டு, சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு வந்தா வீண் செலவு. இது சரியில்ல என்பது என் கருத்து.

முதல்ல, எங்க போனாலும் அம்மன் நமக்கு முன்னாடியே போயிட்டா. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-ல் தொடங்கினது. பாங்காக்கில் சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில் இருக்கு. தாய்லாந்துக்காரங்க அதை 'வாட் கேக்' என்பாங்க. அவங்க பேச்சில 'கேக்' என்றால் இந்தியர் என்றும் அர்த்தம், விருந்தாளி என்றும் அர்த்தம். சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில இருக்கிற மாரியம்மன் கோயில், பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் கட்டினது. இன்னிக்கு அங்க கும்பிட வர்றவங்க பெரும்பாலும் வியட்நாம் மக்கள்தான். கருங்கல் சுவரில் முகத்தை வைத்து மெதுவா வேண்டிக்கிறாங்க. பாஷை தெரியாத ஊரில், நம்ம அம்மன்கிட்ட யாரோ ஒரு அம்மா அழுது வேண்டுறதைப் பார்த்தா, நம்ம பக்தி குறையுமா, கூடுமா?

அடுத்து சாப்பாடு. நம்ம கோயில் சமையல்கட்டைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு வெள்ளியும் அதே ஏழெட்டுப் பெண்கள். வீட்டுல ஆக்கிட்டு வந்து இங்கயும் ஆக்குறாங்க. எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு அடியில இருக்கிறதைப் போட்டுக்கிறாங்க. பாங்காக்கில் ஒரு சின்னக் கடையில என் மனைவி சொன்னது: "யாரோ ஆக்கிப் போட்டு, ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!" அன்னதானம் பெரிய தர்மம். ஆனா அந்த அன்னத்தை ஆக்குற கைக்கும் யாராவது ஒரு தட்டு நீட்டணும் இல்லையா?

வெளிநாட்டில நம்ம சாப்பாடு கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். தாய்லாந்தில மஞ்சள் பலகையில சிவப்பா 'ஜே' என்ற எழுத்து இருந்தா அது சைவம், வெங்காயம் பூண்டுகூட கிடையாது. வியட்நாமில 'சாய்' என்று கேட்டா சைவம். அங்க பேர் போன 'ஃபோ' மீ சூப்பைப் பெரும்பாலும் மாட்டு எலும்புல காய்ச்சுவாங்க, அதனால கேட்டுட்டுச் சாப்பிடுங்க. கோழி போதும்னா 'ஃபோ கா' என்று சொல்லணும்.

மூணாவது சொந்தம். ஜொகூர் பாலம் 1924-ல் திறந்தது. அந்தக் காலத்தில இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தங்கை என்று இருந்த குடும்பங்கள் 1965-க்குப் பிறகு ரெண்டு நாட்டுக் குடும்பமா ஆயிடுச்சு. இப்ப நாம கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும்தான் பாலம் தாண்டுறோம். இந்தத் தடவை யீஷூனில் என் அக்கா வீட்டுல ரெண்டு ராத்திரி தங்கினோம். அக்காவும் என் மனைவியும் விடியற்காலை ரெண்டு மணி வரைக்கும் பேசினாங்க. "காரணம் எதுவும் இல்லாம நீ வந்ததுதான்டா தம்பி எனக்குச் சந்தோஷம்" என்று அக்கா சொன்னாங்க. பினாங்கில் மச்சான் வீட்டுலயும் அப்படித்தான். அவரே சமைச்சார், தங்கச்சியை அடுப்புப் பக்கம் விடல.

பினாங்கு தண்ணீர்மலைக்கு 513 படி. என் மனைவி எட்டு இடத்தில உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். இன்னும் பத்து வருஷம் கழிச்சு ஏற முடியுமா? பிள்ளைங்க கல்யாணம் முடியட்டும், வீட்டைப் பெரிசாக்கி முடியட்டும் என்று தள்ளிக்கிட்டே போனா, காசு இருக்கும், முட்டி இருக்காது. சில வீட்டில ஜோடியே இருக்காது.

கடன் வாங்கிப் போகச் சொல்லல. கடன் அட்டையில தேய்ச்சுப் போனா வீட்டுக்கு வந்ததும் நிம்மதி போயிடும். 55 வயசுல சேமநிதிப் பணம் கைக்கு வரும்போது, அதுல முக்கால்வாசிக்கும் மேல பத்திரமா வையுங்க. கோயிலுக்குக் கொடுக்க நினைச்சதைக் கொடுங்க. பிள்ளைகளுக்கு ஒரு பங்கு வையுங்க. ஒரு சின்னப் பங்கு உங்க ரெண்டு பேருக்கு. நாலு நாடு வேண்டாம், மேடானோ பினாங்கோ மூணு நாள் போதும்.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். நான் தொழிற்சாலையில ஆட்களுக்கு லீவு அட்டவணை போடுறவன். மிஷினுக்கே சர்வீஸ் நாள் உண்டு. நம்ம தொண்டர்களுக்கு மட்டும் ஏன் இல்ல? வருஷத்துக்கு ஒரு வாரம் ஒவ்வொரு தம்பதிக்கும் கோயில் வேலையிலிருந்து ஓய்வு கொடுப்போம். அந்த வாரம் மற்றவங்க பார்த்துக்கட்டும். முக்கியமா, ஆண்கள் கரண்டி பிடிக்கட்டும்.

முதல்ல கிளம்புற ஜோடி யாருன்னு சொல்லுங்க. அந்த வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு நான் பொறுப்பு.

அம்மன் துணை.