வேலையை விட எத்தனை நாள் நோட்டீஸ்?

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ சென்னையில், பெங்களூரில் கம்ப்யூட்டர் ஆலோசனைக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறார்களா? அப்படியானால் இது உங்கள் வீட்டு விஷயம்.

இந்தத் தொழிலைக் "கன்சல்டிங்" என்று சொல்லுகிறார்கள். சம்பளம் கொடுப்பது ஒரு கம்பெனி. வேலை நடப்பதோ வேறொருவருக்கு. அது ஒரு பாங்கியாக இருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியாக இருக்கலாம். வேலை பார்த்தவர் திடீரென்று நின்றுவிட்டால், அந்த வாடிக்கைக்காரரின் காரியம் பாதியில் நிற்கும். ஆகவே, முன்கூட்டிச் சொல்லத்தான் வேண்டும். அது நியாயம்.

ஆனால் எத்தனை நாள் முன்னால்?

90 நாளா?

இங்கே பெரிய கம்பெனிகள் பல 90 நாள் கேட்கின்றன. மூன்று மாதம்! பிரிட்டனில் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளி குறைந்தது 1 வாரம் நோட்டீஸ் தர வேண்டும். ஜெர்மனியில் சட்டப்படி 4 வாரம். அமெரிக்காவில் 2 வாரம் என்பது வழக்கம். ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாகவும் எழுதிக்கொள்வது உண்டு.

நம் ஊரில் 1947-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தவறு ஏதும் செய்யாதபோது நீக்க வேண்டுமானால், தக்க காரணம் வேண்டும். 1 மாத நோட்டீசோ, அதற்குரிய சம்பளமோ தர வேண்டும். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. முதலாளிக்கு 1 மாதம் போதும் என்று சட்டம் நினைக்கும்போது, தொழிலாளியிடம் 3 மாதம் கேட்பது ஏன்?

புதிய கம்பெனி, "30 நாளில் வந்து சேர்" என்கிறது. பழைய கம்பெனி விட மறுக்கிறது. காத்திருக்கும் காலத்தில் புதிய கம்பெனி மனம் மாறிவிட்டால்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! வீட்டுக் கடன் தவணை யாருக்காகவும் காத்திருக்காது.

ஒரு மாதம் போதும்

செய்த வேலையை எழுதி வைக்க 1 வாரம். புது ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க 2 வாரம். அவர் செய்வதைப் பார்த்துத் திருத்த 1 வாரம். ஆக, 30 நாள் போதும் என்பது என் கருத்து. அதற்குமேல் நாற்காலியில் உடல் இருக்கும், மனம் இராது. அந்தச் சம்பளம் முதலாளிக்கும் நஷ்டமே.

அதற்காக, சொல்லாமல் ஓடலாமா? கூடாது. கையெழுத்துப் போட்டது போட்டதுதான். 1963-ம் ஆண்டுச் சட்டப்படி, விருப்பமில்லாதவரை வேலை செய்யும்படி கோர்ட்டு கட்டாயப்படுத்தாது. ஆனால் கம்பெனி நஷ்டஈடு கேட்கலாம். விடுவிப்புக் கடிதம் இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் கேள்வி எழும்.

என்ன செய்யலாம்?

வேலையில் சேரும்போதே நியமனக் கடிதத்தைப் படியுங்கள். குறையும் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜிநாமாக் கொடுங்கள். அதையும் எழுத்தில், தேதி போட்டுக் கொடுங்கள்.

நிரந்தர வேலையில் 5 வருஷம் முடியச் சில வாரமே இருந்தால் அவசரப்படாதீர்கள், பணிக்கொடைக்குச் சிக்கல் வரலாம். நீங்கள் வேலை பார்க்கும் நோட்டீஸ் காலமும் சர்வீசில் சேரும்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சம்பளச் சட்டத்தின்படி, ராஜிநாமாச் செய்தவருக்கு 2 வேலை நாளில் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்பது நம் வழக்கம். உழைத்தவரைக் கட்டி வைக்கக் கூடாது என்பதை முதலாளிகளும் நினைக்க வேண்டும்.