ரோடு வண்டிக்கா? வயிற்றுக்கா?
நொச்சிக்குப்பம் கதை காந்திபுரத்துக்கும் பாடம்!

கோவை:

கடல் வாடையே இல்லாத காந்திபுரத்துக்கும் சென்னை நொச்சிக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. இரண்டு இடத்திலும் சண்டை ஒன்றுதான். ரோடு யாருக்கு?

மெரினாவை அழகுபடுத்த 1985-ல் எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களை அகற்றப் பார்த்தது. மீனவர்கள் விடவில்லை. மல்லுக்கட்டு துப்பாக்கி சூட்டில் முடிந்தது. உயிர்ப்பலியும் ஆனது.

சுனாமி அடி

2004 டிசம்பர் 26-ந்தேதி கடலே வீட்டுக்குள் புகுந்தது. அதன் பிறகு பட்டினப்பாக்கம் பக்கத்து ஜனங்கள் பலர் சுமார் 20 கிலோ மீட்டர் தள்ளி செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். கடலைப் பார்க்காமல் தொழில் பண்ண முடியுமா? படகும் வலையும் கரையில், வீடு எங்கேயோ!

குப்பத்தில் குடிசை போய் மாடி வீடு வந்தது. மணலை ஒட்டி, கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் வரை லூப் ரோடும் வந்தது. கார்கள் பறந்தன. ரோட்டு ஓரம் மீன் விற்ற பெண்கள் 'இடைஞ்சல்' ஆனார்கள்.

படகு மறியல்

2023 ஏப்ரலில் ஐகோர்ட்டு தானாக வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் ரோட்டில் போட்டு மறித்தார்கள். "ரோட்டுக்கு முந்தி வந்தது எங்க குப்பம்" என்பது அவர்கள் வாதம்.

2024 ஆகஸ்டில் ரூ.14.93 கோடியில் 366 கடைகளுடன் மீன் அங்காடி திறக்கப்பட்டது. வெயில், மழைக்கு நல்லதுதான். ஆனால் போகிற வழியில் வண்டியை நிறுத்தி வாங்குகிறவரை நம்பிய வியாபாரம் அது. உள்ளே இறங்கி வந்தால்தானே போணி ஆகும்?

இங்கே எப்படி?

காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோடு, பஸ் நிலையங்களைச் சுற்றி பிளாட்பாரக் கடைகளை எடுப்பதும் மறுபடி முளைப்பதும் பழைய கதை. நடக்க இடமில்லை என்று ஜனங்கள் புலம்புவதும் நியாயமே.

இதற்கு 2014-லேயே மத்திய சட்டம் இருக்கிறது. முதலில் கணக்கு எடுக்க வேண்டும். அது முடியும் வரை யாரையும் விரட்டக்கூடாது. இடம் ஒதுக்க யோசனை சொல்லும் கமிட்டியில் வியாபாரிகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தர வேண்டும்.

கட்டிடம் கட்டினால் மட்டும் போதாது. கூட்டம் போகிற வழியில் கட்ட வேண்டும். பஸ்சை விட்டு இறங்குகிறவர் கண்ணில் படாத கடைக்கு கூரை இருந்து என்ன, விளக்கு எரிந்து என்ன? வியாபாரி மறுபடி ரோட்டுக்குத்தான் வருவார்!