அமெரிக்கா தடையற்ற வணிகத்தால்தான் வளர்ந்ததா?

வளரும் நாடு ஏதாவது ஒன்று இறக்குமதி வரியை உயர்த்தினால் போதும், உடனே உபதேசம் வந்துவிடும்: “அமெரிக்காவைப் பாருங்கள். அந்த நாட்டை நிறுவியவர்கள் சந்தையை அதன் போக்கில் விட்டார்கள். அரசு ஒதுங்கி நின்றது. தனிமனித முயற்சி மற்றதைப் பார்த்துக்கொண்டது.” தொலைக்காட்சி விவாதங்களிலும் பொருளாதாரப் பத்திகளிலும் இது அடிக்கடி ஒலிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1789 முதல் 1816 வரை அந்நாடு இயற்றிய சட்டங்களைப் படித்தால் இந்தக் கதை நிற்காது.

முதல் வாதம், அவர்கள் தொடக்கம் முதலே தடையற்ற வணிகத்தை நம்பினார்கள் என்பது. புதிய அரசியலமைப்பின்படி கூடிய காங்கிரஸ் முதலில் இயற்றியது பதவி உறுதிமொழி பற்றிய ஒரு சிறு சட்டம். இரண்டாவது, சுங்கவரிச் சட்டம். வாஷிங்டன் அதில் கையெழுத்திட்ட நாள் 1789 ஜூலை 4, நாட்டின் சுதந்திர நாள். அரசின் செலவுக்கும் கடனடைப்புக்கும் மட்டுமின்றி உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவித்துக் காப்பதற்காகவும் இந்த வரி தேவை என்று அதன் முகப்புரையே கூறியது. வரிப் பட்டியலில் ஆணிக்குப் பவுண்டுக்கு 1 சென்ட், பூட்ஸுக்கு ஜோடிக்கு 50 சென்ட், சீட்டுக்கட்டுக்கு 10 சென்ட். தேயிலைக்கு இருந்த கணக்கு இன்னும் வெளிப்படையானது. சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அமெரிக்கக் கப்பலில் நேராக வந்த மலிவு ரகத் தேயிலைக்குப் பவுண்டுக்கு 6 சென்ட். அதே தேயிலை அந்நியக் கப்பலில் வந்தால் 15 சென்ட். அதே மாதம் வந்த கப்பல் வரிச் சட்டமும் இதே வழியில் சென்றது. துறைமுகத்தில் நுழையும் அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், அந்நியக் கப்பலுக்கு 50 சென்ட். தன் கப்பல்காரனுக்கு எட்டு மடங்கு சலுகை கொடுத்த அரசை ஒதுங்கி நின்ற அரசு என்று எப்படிச் சொல்வது?

பெரும்பாலான பொருள்களுக்கு வரி 5 சதவீதம்தானே, அது வருவாய்க்கான வரிதானே என்று கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. 1789இன் விகிதங்கள் மிதமானவை, வருவாய்தான் முதல் நோக்கம். ஆனால் எதற்கு எவ்வளவு வரி என்பதில் ஒவ்வொரு மாநிலமும் தன் தொழிலுக்காக வாதாடியது. எதைக் காப்பது, யாரைக் காப்பது என்ற அந்தச் சண்டை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

1776இல் வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித் அமெரிக்கர்களுக்கு ஓர் ஆலோசனை சொல்லியிருந்தார்: விவசாயத்திலேயே இருங்கள்; ஐரோப்பியப் பொருள்களைத் தடுத்து நீங்களே உற்பத்தி செய்யப் புறப்பட்டால் உங்கள் வளர்ச்சிதான் தடைபடும். நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் 1791 டிசம்பரில் காங்கிரஸுக்குக் கொடுத்த உற்பத்தித் தொழில் அறிக்கை இதற்கு நேரடிப் பதில். வேரூன்றிய அந்நியத் தொழிலோடு புதிய தொழில் தனியாக மோத முடியாது, அரசு கைகொடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் அதிகம் விரும்பியது உயர்ந்த வரியை அல்ல, நேரடி மானியத்தை. மானியத் திட்டத்தைக் காங்கிரஸ் கிடப்பில் போட்டது. ஆனால் அவர் பரிந்துரைத்த வரி உயர்வுகளில் பெரும்பாலானவற்றை 1792 மே மாதமே சட்டமாக்கியது. “ஹாமில்டனின் அறிக்கை தோற்றுப்போனது” என்று எழுதுவோர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது. 1800 தேர்தலில் ஹாமில்டன் கட்சி தோற்றது, ஜெஃபர்சன் வென்றார், அரசு சுருங்கியது என்பது. ஜெஃபர்சன் 1802இல் விஸ்கி வரி உள்ளிட்ட உள்நாட்டு வரிகளை நீக்கியது உண்மை. 8.3 கோடி டாலராக இருந்த கடனை எட்டு ஆண்டுகளில் 5.7 கோடியாகக் குறைத்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பணம் வந்தது பெருமளவும் இறக்குமதி வரியிலிருந்துதான். உள்நாட்டு வரி இல்லாத அரசைத் தாங்கியதே சுங்கச்சாவடி.

அந்தச் ‘சுருங்கிய’ அரசு செய்தவற்றையும் பாருங்கள். 1803இல் 1.5 கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கி நாட்டின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. 1806இல் மத்திய அரசின் செலவில் கம்பர்லாண்ட் சாலைக்குச் சட்டம் இயற்றியது. ஜெஃபர்சனின் நிதியமைச்சர் ஆல்பர்ட் கேலட்டின் 1808இல் சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் பத்தாண்டுகளில் 2 கோடி டாலர் செலவிடத் திட்டம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக 1807 டிசம்பரின் வணிகத் தடை. அமெரிக்கக் கப்பல் எதுவும் அந்நியத் துறைமுகத்துக்குச் செல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. 1807இல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டில் 2.2 கோடியாக விழுந்தது. நியூ இங்கிலாந்தின் மாலுமிகள் வேலை இழந்தார்கள். சந்தையில் அரசு தலையிட்டதற்கு அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் காட்ட முடியாது. செய்தவர் ஹாமில்டன் அல்ல, சிறிய அரசின் நாயகன் என்று கொண்டாடப்படும் ஜெஃபர்சன். பணிமனைகள் ஐரோப்பாவிலேயே இருக்கட்டும் என்று முன்பு எழுதிய அதே மனிதர், 1816 ஜனவரியில் பெஞ்சமின் ஆஸ்டினுக்கு எழுதிய கடிதத்தில், உள்நாட்டுத் தொழில் இல்லாமல் சுதந்திரம் நிலைக்காது என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பிரிட்டனோடு நடந்த போர் அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்திருந்தது.

அந்த 1816ஆம் ஆண்டில்தான் நமக்கும் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் நடந்தது. பாஸ்டன் வணிகர் பிரான்சிஸ் கேபட் லோவெல் வால்தம் நகரில் விசைத்தறி ஆலை நடத்தி முரட்டுப் பருத்தித் துணி நெய்துகொண்டிருந்தார். அவருக்குப் போட்டி கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்த மலிவான இந்தியத் துணி. அவர் வாஷிங்டனுக்கே சென்று காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்தித்து வாதாடினார். அந்த ஆண்டு வந்த சுங்கவரிச் சட்டத்தில் பருத்தித் துணிக்கு 25 சதவீத வரி. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே வரிதான். சூட்சுமம் அடுத்த வரியில் இருந்தது: துணியின் உண்மை விலை சதுர கஜத்துக்கு 25 சென்டுக்குக் குறைவாக இருந்தாலும் 25 சென்ட் என்று வைத்தே வரி கணக்கிடப்படும். அதாவது கஜத்துக்குக் குறைந்தது ஆறேகால் சென்ட். ஆறேகால் சென்டுக்கு விற்ற துணிக்கு அது 100 சதவீத வரி. 25 சென்ட் விலையுள்ள ஆங்கிலத் துணிக்கு வெறும் 25 சதவீதம். விலை குறையக் குறைய வரி ஏறியது. அமெரிக்கச் சந்தையில் இந்தியத் துணியின் வரத்து அதன்பின் வற்றியது. இதற்கு வாக்களித்தவர்களில் தென்கரோலினாவின் ஜான் கால்ஹூனும் ஒருவர். பின்னாளில் காப்பு வரியின் கடும் எதிரியானவர் அவர்.

வங்கி விஷயத்தை நீட்ட வேண்டாம். 1791இன் தேசிய வங்கியில் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது. அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று எதிர்த்த மேடிசனே, குடியரசுத் தலைவரானபின் 1816இல் இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்திட்டார்.

ஆகவே அன்றைய சர்ச்சை அரசு தலையிடலாமா கூடாதா என்பதைப் பற்றியது அல்ல. தலையீடு யாருக்குச் சாதகம், சுமை யார் தலையில் என்பதைப் பற்றியது. 1790இல் பழைய போர்க்கடன் பத்திரங்களுக்கு முழு மதிப்பும் கொடுக்க ஹாமில்டன் முன்வந்தார். ஆனால் போரிட்ட சிப்பாய்கள் பலர் வறுமையில் அவற்றை அற்ப விலைக்கு எப்போதோ விற்றுவிட்டார்கள். முதலில் பத்திரம் பெற்றவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று மேடிசன் மன்றாடினார். 36க்கு 13 என்ற கணக்கில் அது தோற்றது. லாபம் வாங்கிக் குவித்தவர்களுக்குப் போனது. கடனை அடைக்க விதிக்கப்பட்ட விஸ்கி வரி மேற்குப் பென்சில்வேனியாவின் சிறு விவசாயிகள் மீது விழுந்தது. 1794இல் அவர்கள் கொதித்தெழுந்தபோது ஏறத்தாழ 13,000 படைவீரர்கள் அனுப்பப்பட்டார்கள். 1793இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம், மனிதரைப் பிடித்து உடைமையாளரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் கொடுத்தது. அதுவும் அரசின் கைதான்.

காப்பு வரி ஒன்றே அமெரிக்காவைச் செல்வ நாடாக்கியது என்று எதிர்ப்பக்கத்தில் சிலர் சொல்வதையும் ஏற்க முடியாது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம், அடிமைகள் விளைவித்த பருத்தி, ஐரோப்பியப் போர்க்காலத்தில் நடுநிலைக் கப்பல்களுக்குக் கிடைத்த சரக்கு வாடகை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. எந்த நாட்டுக்கு எந்த வரி பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டின் நிலைமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்; தடையற்ற வணிகம் சில இடங்களில் நன்மை தரவும் கூடும். அந்த வாதத்தைத் தாராளமாக வைக்கட்டும். அதற்கு அமெரிக்காவின் தொடக்க காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் மட்டும், 1789இன் தேயிலை வரியையும் 1816இன் பருத்தித் துணிப் பிரிவையும் ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.