மயங்க வைத்தலும் ஆழமுடைமையும்

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, கல்லடிப் பழைய பாலத்தின் மீது வழக்கம்போல் உலாவிக்கொண்டிருந்தேன். மாணவர் ஐந்தாறு பேர் கைப்பிடியில் சாய்ந்து நின்று உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். அரசியலோ கிரிக்கெட்டோ என்று எண்ணிக் கடந்து செல்ல முற்பட்டேன். "மகன் போகாமல் விட்டிருந்தால் தகப்பன் செத்திருக்கமாட்டார், மச்சான்" என்று ஒருவன் கூறியது காதில் விழவே நின்றுவிட்டேன்.

அவர்களுடைய வாதம் 'டார்க்' என்னும் ஜேர்மனியத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றியது. 2017ஆம் ஆண்டிலிருந்து 2020ஆம் ஆண்டுவரை மூன்று பருவங்களாக நெட்பிளிக்சில் வெளிவந்த தொடர் அது. விண்டன் என்னும் கற்பனைச் சிற்றூரில் ஒரு குகை இருக்கிறது. அதனூடாக முப்பத்துமூன்று ஆண்டுகள் முன்னும் பின்னும் செல்லலாம். 2019ஆம் ஆண்டில் காணாமற்போன மிக்கேல் என்னும் சிறுவன் 1986ஆம் ஆண்டில் அகப்பட்டு, அங்கேயே வளர்ந்து, யோனாஸ் என்பவனுக்குத் தந்தையாகின்றான். பின்னர் தன்னுயிரை மாய்த்துக்கொள்கின்றான். இரண்டாம் பருவத்தின் ஆறாம் அங்கத்தில், அச்சாவைத் தடுப்பதற்காக மகன் அதற்கு முதல்நாளுக்குத் திரும்பிச் செல்கின்றான். தந்தைக்கோ அவ்வெண்ணமே அதுவரை எழுந்ததில்லை. மகன் வாயிலாகவே தன் முடிவை அவன் அறிகின்றான். தடுக்க வந்தவனே காரணமாகிவிடுகின்றான்.

அப்படியாயின் அவ்வெண்ணம் முதன்முதலில் யார் உள்ளத்தில் தோன்றியது? இதுவே பாலத்தில் நடந்த வழக்கு. நடந்தது நடந்ததே, அதை மாற்றப் புகுவதும் அதன் ஒரு பகுதியே என்பது ஒரு கட்சி. கதாசிரியர் தடுமாறிவிட்டார் என்பது மறுகட்சி. மூன்றாமவன் 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'இன்று நேற்று நாளை' என்னும் தமிழ்த் திரைப்படத்தைச் சான்றுக்கு அழைத்தான். அதில் இறந்தகாலம் மாறுகின்றது. மாறியதால் சாகவேண்டிய கொடியவன் பிழைத்துத் தொல்லை தருகின்றான். "சேர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று என்னையும் வழக்கில் இழுத்தார்கள். விடை கூற இயலாமல் வீடு திரும்பி, பேரனின் உதவியோடு அவ்வங்கத்தை இருமுறை பார்த்தேன்.

இதனைத் தமிழ்ப் புலமைமிக்க நண்பர் ஒருவரிடம் கூறியபோது அவர் நகைத்தார். "நன்னூலார் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக 'மயங்க வைத்தல்' என்பதைச் சொன்னது இத்தகைய படைப்புகளுக்காகத்தான்" என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. கதை புரியாவிட்டால் அதனையே பெருமையாகக் கொள்ளும் மனப்பான்மை இன்று சிறுகதையிலும் புதுக்கவிதையிலும் மலிந்திருக்கின்றது. ஆனால், அதே நன்னூலார் பத்து அழகுகளுள் 'விளங்க வைத்தல்' என்பதோடு 'ஆழமுடைத்தாதல்' என்பதையும் வைத்திருக்கின்றார். கலங்கிய நீரிலும் அடி தெரிவதில்லை. ஆழமான நீரிலும் தெரிவதில்லை. எமது வாவியில் தோணி விடும் மீனவருக்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரியும். இலக்கியத்தில் அதனை அறியும் வழி, மீண்டும் சென்று பார்ப்பதே. மறுமுறை பார்க்கும்போது இழைகள் கூடிவருமாயின் அது ஆழம்; மேலும் சிக்குமாயின் அது கலக்கம். நான் பார்த்த அங்கத்தில் இழைகள் கூடிவந்தன.

இத்தகைய வழக்காடல் எமக்குப் புதியதுமன்று. வாவிக்கரை ஊர்களின் வட்டக்களரியில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் மறுநாள் வயலிலும் தோணியிலும் அதையே பேசினார்கள். 1962ஆம் ஆண்டில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'கர்ணன் போர்' இந்த மண்ணின் வடமோடி மரபில் வந்தது. கர்ணனின் முடிவை அறியாதவர் எவருமில்லை. எனினும், குந்தி உரிய வேளையில் வாய் திறந்திருந்தால் போரே நிகழாதே என்ற வாதம் ஓய்ந்ததில்லை. கூத்து முடிந்த பின்னரும் களரி கலையாமலிருந்தது என்றே சொல்லவேண்டும்.

இனி, என்னை இக்கட்டுரை எழுதவைத்த நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். அன்று அதுவரை பேசாதிருந்த மாணவன் ஒருவன் கடற்பக்கமாகக் கைகாட்டினான். நாவலடியில் அவனுடைய அக்கா 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் சுனாமியில் போய்விட்டாளாம். அவன் பிறந்தது அதற்குப் பின்னர். "அந்தக் காலைக்குப் போக முடிந்தால் போய்ச் சொல்லுவேன். ஆனால் அக்கா இருந்திருந்தால் அம்மா என்னைப் பெற்றிருப்பாவோ தெரியாது" என்றான். கதாசிரியர் தடுமாறிவிட்டார் என்று சாதித்தவனும் அதன்பின் பேசவில்லை.

தொடரிலும் இதே முடிச்சு உண்டு. மிக்கேலை அவனுடைய காலத்திற்கே மீட்டுவிட்டால் யோனாஸ் பிறக்கமாட்டான். ஜேர்மனியக் கதாசிரியர் கற்பனையில் போட்ட முடிச்சு, எமது கரையில் ஒரு வீட்டின் நடுவே கிடக்கின்றது. அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் எமது கரையில் அலை ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் இருந்தது. இந்து சமுத்திரத்திற்கு எச்சரிக்கை அமைப்பு ஒன்று அப்போது இருக்கவில்லை. சொல்வாரின்றிக் கழிந்த அந்த ஒன்றரை மணிநேரத்தை இங்குள்ள எத்தனையோ வீடுகள் இன்னும் திரும்பத் திரும்ப நினைந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, மாணவர் வீண்பொழுது போக்குகின்றனர் என்று கூற எனக்கு வாய் வரவில்லை.

அன்றைய வாதம் முடிந்த விதமும் சிந்திக்கத்தக்கது. ஒருவன் கைத்தொலைபேசியில் விளக்கக் காணொளி ஒன்றைப் போட்டான். யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கோடு கீறி விளக்கிவிட்டார். "சரி, இதுதான் விடை" என்று கலைந்துவிட்டார்கள். அக்காவை இழந்தவனின் கேள்விக்கு அதில் விடை இருக்கவில்லை. அதனை எவரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அதனைக் கண்டபோது எனது வகுப்பறையே நினைவிற்கு வந்தது. திருக்குறளில் 'ஊழ்' என்பது 38ஆம் அதிகாரம். 'ஆள்வினையுடைமை' 62ஆம் அதிகாரம். முன்னதன் முடிவில் ஊழை மிஞ்ச எதுவுமில்லை என்கிறார். பின்னதன் முடிவில் சோர்வற்ற முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறார். "அப்படியென்றால் வள்ளுவர் எந்தப் பக்கம், சேர்?" என்று பல ஆண்டுகளின் முன் மாணவி ஒருத்தி கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, இரு" என்றேன். பின்னர் ஒரே விடையைக் குறிப்பாகச் சொல்லி எழுதுவித்தேன். பாலத்து மாணவர்கள் காணொளியிடம் பெற்றதையே அவள் என்னிடம் பெற்றாள்.

தொலைக்காட்சித் தொடரைப் பாடநூலாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொடரைப் பார்த்துவிட்டு ஒரு மணிநேரம் வழக்காடும் மாணவன் கம்பனையும் வள்ளுவனையும் கற்றபின் ஏன் மௌனியாக எழுந்து போகின்றான் என்பதை ஆசிரிய உலகம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு பாடவேளையிலேனும் குறிப்பேட்டை மூடிவைத்து, வாலி வதை அறமா என்றும், வள்ளுவர் எந்தப் பக்கம் என்றும் அவர்களையே பேசவிடலாம். விடை கிட்டாது போனாலும் கேள்வியோடு வீடு செல்வார்கள்.

அந்த மாணவி இருந்த வகுப்பிற்குத் திரும்பிச் செல்ல எனக்கு ஒரு குகையும் இல்லை. இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அது தேவையுமில்லை. நாளைக் காலை மணி அடிக்கும்போது உள்ளே சென்றாற் போதும்.