பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா சார்?" என்பதுதான். தாராளமாகப் பார்க்கலாம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது, ஓ.எம்.ஆர். அலுவலகங்கள் சில நாட்களிலேயே மயிலாப்பூர் ஹாலுக்கும் தி.நகர் படுக்கையறைக்கும் குடிபெயர்ந்துவிட்டன. இப்போது சில நிறுவனங்கள் "ஆபீஸுக்கு வாருங்கள்" என்கின்றன. சில, "வாரத்தில் சில நாள் வந்தால் போதும்" என்கின்றன. எது சரி என்று ஒரு பட்டிமன்றமே நடக்கிறது.

என்னைக் கேட்டால், பிரச்சினை வீட்டிலும் இல்லை, ஆபீஸிலும் இல்லை. வேலையை எதை வைத்து அளக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதை நான் ஒரு நல்ல ஆளை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

நான் செய்த தவறு

2022-ல் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். நான் மயிலாப்பூரில். மற்றவர்கள் அடையாறு, தி.நகர், கோவை, திருநெல்வேலி என்று ஆளுக்கொரு பக்கம். யார் வேலை செய்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாட் சாப்ட்வேரில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஆள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் பச்சை. சிறிது நேரம் மவுஸோ கீபோர்டோ அசையாவிட்டால் மஞ்சள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நிர்வாகம் என்று நினைத்தேன்.

அடையாறில் இருந்த தோழியின் புள்ளி தினமும் காலை பதினொன்றுக்கு மஞ்சளாகிவிடும். ஒரு மணிக்குத்தான் மறுபடி பச்சை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், எல்லோரும் பார்க்கும்படி, "இரண்டு மணி நேரமாக எங்கே போனீர்கள்?" என்று எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. அடுத்த மாதம் ராஜினாமா கடிதம்தான் வந்தது.

பிறகுதான் தெரிந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் சாப்பாடு ஊட்டி, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். விட்ட வேலையை ராத்திரி உட்கார்ந்து முடித்திருக்கிறார். பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். எங்கள் குழுவிலேயே பிழை குறைவாக வந்தது அவர் எழுதிய புரோகிராம்தான்! நாள் முழுக்கப் பச்சையாகவே இருந்த இன்னொருவரோ, மவுஸைத் தானாக அசைத்துக் கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை வாங்கி வைத்திருந்தார். புள்ளி பச்சை, வேலை பூஜ்யம்.

தப்பு அவர்கள் இருவர் மேலும் இல்லை. நான் எதை அளந்தேனோ அதுதான் எனக்குக் கிடைத்தது.

இது புதிய வித்தை இல்லை

வீட்டிலிருந்து வேலை என்பது கொரோனா கொண்டுவந்த புதுமை என்று நினைக்கிறோம். இல்லை. இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்ற பெண்மணி 1962-லேயே இதற்காக ஒரு சாப்ட்வேர் நிறுவனம் தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டிருந்த பெண் புரோகிராமர்களை வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கவைத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பென்சிலால் தாளில் புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். ஒலியை விட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு இப்படித்தான் புரோகிராம் எழுதப்பட்டது. கையில் இருந்த கருவி டெலிபோன். நிர்வாக முறை, ஊழியரை நம்புவது. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. வாடிக்கையாளரிடம் போனில் பேசும்போது வீட்டுச் சத்தம் கேட்காமலிருக்க, டைப் அடிக்கும் ஓசையை டேப்பில் பதிந்து ஓட விடுவாராம் ஷெர்லி. ஆபீஸ் நடக்கிறது என்று வெளியாரை நம்பவைக்க அந்த டேப். நாமோ குழுவுக்குள்ளேயே பச்சைப் புள்ளி என்ற பெயரில் அதே டேப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீட்டு உதாரணம்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரைத் திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இலவசமாகத் தரும் முயற்சி. 1998 பொங்கலன்று தொடங்கியது. ஒருங்கிணைத்தவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த டாக்டர் குமார் மல்லிகார்ஜுனனும். (அந்தக் காலத்தில் பலர் பயன்படுத்திய 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர் இதே கல்யாணசுந்தரம்தான். எங்கள் ஊர்ப் பெயர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.)

ஆபீஸ் கிடையாது. சம்பளம் கிடையாது. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து டைப் செய்வார். வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில் இருப்பவர் பிழை திருத்துவார். சுவிட்சர்லாந்தில் காலை என்றால் நமக்கு மதியம். அமெரிக்காவில் அப்போதுதான் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாருடைய புள்ளியை யார் பார்ப்பது? ஆனால் ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்று பெயர் போட்டிருக்கும். என்ன வேலை, யாருடையது, முடிந்ததா? இந்த மூன்றும் தெரிந்தால் போதும், எத்தனை மணிக்குச் செய்தார் என்பது தேவையே இல்லை.

சரி, ஆபீஸே வேண்டாமா?

அப்படிச் சொல்லமாட்டேன். காலேஜ் முடித்து நேராக வேலைக்கு வருகிறவர் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நிறைய. வீட்டில் தனியாக உட்காரவைத்தால் சந்தேகம் கேட்கவே கூச்சப்படுவார். புதியவர்களாவது ஆரம்பத்தில் நேரில் சந்திக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால், "கண்ணில் பட்டால்தான் வேலை செய்கிறார்" என்ற காரணத்துக்காக ஆபீஸுக்குக் கூப்பிட்டால், அது பச்சைப் புள்ளியின் அண்ணன்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அக்கவுண்ட்ஸ், மொழிபெயர்ப்பு, டியூஷன் என்று வீட்டிலிருந்து எந்த வேலை செய்தாலும், நான் பட்டுத் தெரிந்துகொண்ட இவை உதவும்.

1. குழுவுக்கு ஒரு பொதுப் பட்டியல் போடுங்கள். வேலை, பொறுப்பாளர், முடிக்கும் நாள் என்று மூன்று கட்டங்கள் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டில் கரண்டும் நெட்டும் போனபோது, இந்தப் பட்டியலைப் பார்த்து மற்றவர்களே என் வேலையை எடுத்துச் செய்தார்கள்.

2. பைல் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடுங்கள். போல்டரில் பெயர் வாரியாக அடுக்கும்போது பழையது முதலிலும் புதியது கடைசியிலும் தானாக வந்துவிடும். நாளை முதலில் போட்டால் ஜனவரியும் டிசம்பரும் கலந்துவிடும்.

3. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கரண்ட் போனால் இன்டர்நெட் தரும் ரௌட்டர் நின்றுவிடும். அதற்கும் ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள்.

4. எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும். குழந்தை வந்து தட்டினாலும் உங்கள் பைல் பத்திரம்.

5. முடிக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். ஆபீஸில் கடைசி பஸ் உங்களைக் கிளப்பிவிடும். வீட்டில் அப்படி யாரும் இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை இழுத்துக்கொண்டே போகும். சொன்ன நேரத்தில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. யாராவது கொஞ்ச நேரம் காணாமல் போனால் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக போன் செய்து, "வீட்டில் எல்லோரும் நல்லா இருக்காங்களா?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டிருந்தால், அந்தத் தோழி இன்றும் எங்கள் குழுவில் இருந்திருப்பார்.