இஸ்கூலும் இஸ்டேட்மெண்ட்டும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வங்கி வேலை. கவுண்டருக்கு ஒரு பக்கம் சாஃப்ட்வேர் பிள்ளைகள் வருவார்கள். இன்னொரு பக்கம் அந்தக் கட்டடங்களுக்குக் காவல் நிற்கும் நம்மூர் ஆட்கள்.

போன மாதம் ஒரு தர்மபுரிக்காரர், செக்யூரிட்டி, "சார், இஸ்டேட்மெண்ட்டு வேணும்" என்றார். பக்கத்து சீட்டுப் பையன், "எது, இஸ்டேட்மெண்ட்டா?" என்று இழுத்துச் சிரித்தான். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன். அதற்கப்புறம் அவர் வருவதில்லை. பிள்ளையை அனுப்புகிறார். உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிற்க. பி.காம். படித்தவனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்காதீர்கள். சொல்லின் ஆரம்பத்திலேயே இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் தமிழ் வாய்க்கு ஒத்துவராது. முன்னால் ஒரு 'இ' போட்டு, ஓரசையை இரண்டாக்கிக்கொள்ளும். வடசொற்களை இப்படிப் பழக்கியதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் விதி எழுதிவிட்டார். லாபம் இலாபமாகும், வக்ரம் வக்கிரமாகும். நாங்கள் தினமும் புரட்டும் பத்திரமும் அப்படித்தான். 'பத்-ர' என்ற ஈரசை, 'பத்-தி-ரம்' என்று மூன்றானது. என் கன்னட நண்பர் 'பத்ர' என்றே சொல்கிறார். இரண்டு பேருமே சரிதான்.

ஸ்பானியக்காரர்கள் கதையும் இதேதான். லத்தீன் 'ஸ்கோலா' அவர்கள் வாயில் 'எஸ்குவேலா'. நம்ம இஸ்கூலுக்கு அண்ணன்! மெக்சிகோவின் நாவட்டில் மொழியில் தக்காளி 'டொ-மாட்ல்'. இரண்டு அசை, அழுத்தம் முதல் அசையில். கடைசி 'ட்ல்' ஸ்பானியருக்கு வரவில்லை. 'டொ-மா-டே' என்று மூன்றாக்கினார்கள், அழுத்தமும் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. அதுதான் பிறகு ஆங்கிலத்தில் டொமேட்டோ ஆனது. அதை யாரும் கேலி செய்வதில்லை.

இன்னொன்று. விளையாட்டு வீரரைக் குறிக்கும் 'அட்லெட்டா'வை ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'அட்-லெ-டா' என்று பிரிப்பார்கள். நாவட்டில் சொற்கள் பழகிய மெக்சிகோவில் 'அ-ட்லெ-டா'. ஸ்பானிய அகாடமி இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.

"அப்போ உச்சரிப்பே பழக வேண்டாமா?" என்பீர்கள். இண்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள், நல்லதுதான். ஆனால் பாஸ்புக்கோடு நிற்பவருக்குப் பரீட்சை வைக்க நாம் யார்? அவர் கேட்டது என்னவென்று எங்கள் இருவருக்குமே புரிந்தது. அதற்குமேல் ஒரு சொல்லுக்கு வேறென்ன வேலை?

அடுத்த முறை பையன் வந்தால், "அப்பாவை ஒருதரம் வரச் சொல்லுப்பா" என்று சொல்ல வேண்டும். இஸ்டேட்மெண்ட்டை நானே எடுத்துத் தருகிறேன்.